‘வாக்கர்’ என்னும் ஆங்கிலக் குடிப்பெயர்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



 ‘ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயரைப் பற்றிப் பேசக் கருதுகின்றோம்’ என்று யாம் தெரிவித்தபோது, செயலாளர் அவர்கள் சற்றே புன்முறுவல் கொண்டார்கள். நம்மவர் கூடிய கூட்டத்தில் வெள்ளையர் பெயருக்கு என்ன வேலை என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யாம் எடுத்துக்கொண்ட பெயரோ தறியிலிருந்து இறக்கிய துணியோடு பிறந்தது. தறியை நம்பி வாழ்ந்த முன்னோர்க்குப் பின்வந்த நமக்கு அது முற்றிலும் அயற்பெயர் அன்று. ஆதலின் பொறுமையோடு கேட்டருள வேண்டுகின்றோம்.

அப்பெயர் ‘வாக்கர்’ என்பது. இங்கிலாந்தில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர்களுள் முதல் இருபதுக்குள் நிற்பது. இப்பெயரினர் ஒருவர்க்கு நம் நாடு நன்றி பாராட்டக் கடமைப்பட்டுள்ளது. கில்பர்ட் வாக்கர் என்பார் 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்தவர். அவர் 1913-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் சென்னைக்கு வந்தபோது, துறைமுகக் காரியாலயத்தில் எழுத்தராக இருந்த ஓர் இளைஞரின் கணக்குக் குறிப்புக்களைக் கண்டார், வியந்தார், அவ்விளைஞர்க்கு உதவிப்பொருள் அளிக்குமாறு சென்னைச் சர்வகலாசாலைக்குக் கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபாய் உதவிப்பொருள் கிடைத்தது. அவ்விளைஞரே கணிதமேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜன். பருவமழை பொய்க்கும் காரணத்தை ஆராய்ந்த அவ்வறிஞரின் பெயரைப் பசிபிக் சமுத்திரத்தின்மேல் கிழக்கு மேற்காகச் சுழலும் பெருங்காற்றோட்டம் ஒன்று ‘வாக்கர் சுழற்சி’ என்று இன்றளவும் தாங்கி நிற்கின்றது.

இன்னொரு வாக்கரும் உண்டு. மதுவிலக்கைப் போற்றும் பெரியோர் பலர் அமர்ந்துள்ள இவ்வவையில் ஒரு மதுவின் பெயரைச் சொல்ல நேர்வதைப் பொறுத்தருள்க. ‘ஜானி வாக்கர்’ என்னும் ஸ்காட்லாந்து விஸ்கிப் புட்டியின்மேல், உயர்ந்த தொப்பியும் கைத்தடியும் உடையனாய் ஒருவன் நெடுநடை நடந்து செல்லும் சித்திரம் காணப்படும். அதனை 1908-ஆம் ஆண்டில் டாம் பிரௌன் என்னும் சித்திரக்காரர் வரைந்தார். வாக்கர் என்றால் நடப்பவன் என்பது ஆங்கிலம் சிறிதே பயின்ற சிறுவனும் சொல்லக்கூடிய பொருளன்றோ? எனவே நடப்பவன் ஒருவனை அவர் வரைந்ததில் வியப்பில்லை. ஆனால் குடும்பப் பெயராகிய வாக்கருக்கு அது பொருள் அன்று. தம் நாட்டுப் பெயரொன்றின் பழம்பொருளைப் பொதுமக்கள் மறந்தே போயினர் என்பதற்கு அச்சித்திரமே சான்று.

அங்ஙனமாயின் அதன் உண்மைப் பொருள் யாது?

பழைய ஆங்கில மொழியில் ‘வெயால்கன்’ என்றொரு வினைச்சொல் இருந்தது. உருட்டுதல், புரட்டுதல், அலைத்தல் என்பன அதன் பொருள்கள். காலால் நடத்தல் என்னும் பொருள் ஏறக்குறைய 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டியே அச்சொல்லுக்கு ஏறியது. அதற்கு முன்னரே ‘வெயால்கெரே’ என்னும் தொழிற்பெயர் வழங்கிற்று. நெய்த கம்பளித் துணியை நீரில் இட்டுக் காலால் மிதித்துப் புரட்டுபவன் என்பதே அதன் பொருள். அப்பெயரே மருவி வாக்கர் ஆயிற்று. ஜெர்மானிய மொழியில் ‘வால்கன்’ என்னும் சொல் துணியை மிதித்துப் பதப்படுத்துதலை இன்றும் குறிக்கும். வினைச்சொல் தன் பழைய பொருளை இழந்து புதுவழி நடந்துவிட்டது. குடும்பப் பெயரோ பழம்பொருளைப் பற்றிக்கொண்டு பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

துணியை மிதிப்பானேன் என்று நம்மவர் வினவுதல் இயல்பு. நம் பருத்தித் துணிக்கு அவ்வேலை வேண்டுவதில்லை. ஆட்டு மயிரோ வேறு இயல்பினது. நூற்பதற்கு முன் அதற்கு எண்ணெயோ வெண்ணெயோ பூசுவர். தறியிலிருந்து இறங்கும்போது கம்பளித் துணி பிசுக்குடையதாய், இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும்படி நெகிழ்ந்து கிடக்கும். அதனை அப்படியே உடுத்தினால் குளிரும் தாங்காது, மழையும் தாங்காது. மயிரிழை ஒவ்வொன்றின்மேலும் மீன்செதிலைப் போன்ற நுண்ணிய செதில்கள் உள்ளன. ஈரமும் வெப்பமும் இடைவிடாத அசைவும் சேர்ந்தால் அச்செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். துணி நீளத்திலும் அகலத்திலும் சுருங்கித் தடித்து இறுகும். அதன் பின்னரே அது குளிரைத் தடுக்கும் ஆடையாகும்.

இதற்காகத் துணியைத் தொட்டியில் இட்டு, நீர் வார்த்து, பிசுக்கை உறிஞ்சும் ஒருவகைக் களிமண்ணைச் சேர்ப்பர். நம் கடைகளில் முல்தானி மட்டி என்று விற்கப்படுவதும் அவ்வினத்து மண்ணே. அதனோடு சேர்த்த மற்றொரு பொருளைச் சொல்ல நாக்கூசும். எனினும் உண்மையை மறைத்தல் தகாது. பல நாள் வைத்திருந்த சிறுநீரே அது. அதில் உண்டாகும் அமோனியா எண்ணெய்ப் பசையைப் போக்கும். சவர்க்காரம் மலிவாகக் கிடையாத காலத்தில் ஏழையும் தரக்கூடிய அழுக்ககற்றும் பொருள் அஃதொன்றே. அந்நீரில் இறங்கி, முழங்கால்வரை நனைந்து, நாட்கணக்காக மிதித்தவனே வாக்கர். மிதித்து முடித்த துணியை அலசி, மரச்சட்டங்களில் வரிசையாக அடித்த கொக்கிகளில் மாட்டி, மீண்டும் சுருங்காதபடி இழுத்து உலர்த்துவர். மனம் பதைத்துக் காத்திருப்பவனை ‘கொக்கியில் மாட்டியிருக்கிறான்’ என்று ஆங்கிலேயர் சொல்லும் மரபு அச்சட்டத்திலிருந்தே வந்தது.

இத்தொழில் மிகப் பழமையானது. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பாம்பேயி நகரத்தை அகழ்ந்தபோது, இத்தொழிலாளர் நின்று மிதித்த தொட்டிகள் சுவரோடு சுவராக அமைந்திருக்கக் கண்டனர். ரோமச் சக்கரவர்த்தி வெஸ்பாசியன் என்பான் சிறுநீருக்கும் வரி விதித்தான் என்று அந்நாட்டுச் சரித்திரம் கூறும். இத்தொழிலாளனை இலத்தீன் மொழியார் ‘புல்லோ’ என்றனர்.

அவ்விலத்தீன் சொல்லிலிருந்து ‘புல்லர்’ என்னும் மற்றோர் ஆங்கிலப் பெயர் பிறந்தது. இனி மூன்றாவதாக ‘டக்கர்’ என்பதும் ஒன்று உண்டு. ‘வருத்துதல்’ என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது அது. துணியை அடித்தும் மிதித்தும் வருத்துபவன் என்று கருதினர் போலும். புல்லர், டக்கர், வாக்கர் என்னும் மூன்றும் ஒரே தொழிலைக் குறிக்கும் பெயர்கள். அவற்றை வேறுபடுத்தியது ஊரே. தென்கிழக்கு இங்கிலாந்தில் புல்லர் என்றும், தென்மேற்கில் டக்கர் என்றும், வடக்கிலும் நடுநாட்டிலும் வாக்கர் என்றும் பெருகின. ஒருவனது குடும்பப் பெயரைக் கேட்டு, அவன் முன்னோர் இன்ன தொழிலினர் என்பதோடு, இன்ன திசையினராதல் கூடும் என்றும் ஊகிக்கலாம். வேல்ஸ் நாட்டில் துணி மிதிக்கும் ஆலைக்குப் ‘பாண்டி’ என்று பெயர். டோனிபாண்டி என்னும் ஊரின் பெயரில் அஃது இன்றும் நிலைத்துள்ளது. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் பெண்டிர் பலர் ஒரு நீண்ட பலகையைச் சுற்றியமர்ந்து, பாட்டின் தாளத்துக்கு இசையக் கம்பளியைக் கையால் அறைந்து முற்காலத்தில் இறுக்கிவந்தனர். அவ்வேலைப் பாட்டுக்கள் பல இக்காலத்தும் பாடப்படுகின்றன.

தொழிற்பெயர் எவ்வாறு குடும்பப் பெயராயிற்று என்பதையும் சுருங்கச் சொல்லுவோம். 1066-ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தை வென்ற காலத்தில் பொதுமக்களுக்குப் பரம்பரைப் பெயர் இல்லை. ஒருவனுக்கு ஒரு பெயரே. ஒரே ஊரில் ஜான் பத்துப் பேர் இருந்தால், இன்னான் மகன் ஜான், இன்ன ஊர் ஜான், துணி மிதிக்கும் ஜான் என்று அடைமொழி சேர்த்து அழைத்தனர். தொழிலை விட்டால் அடைமொழியும் போயிற்று. பின்னர் நிலவுரிமையும் வரிக்கணக்கும் நீதிமன்ற வழக்கும் பெருகப் பெருக, அடைமொழி நிலைபெற்றுத் தந்தையினின்று மகனுக்குச் சென்றது. 12-ஆம் நூற்றாண்டு முதல் 14-ஆம் நூற்றாண்டு வரையில் இம்மாறுதல் மெல்ல மெல்ல நிகழ்ந்தது. 1413-ஆம் ஆண்டில் ஐந்தாம் ஹென்றி அரசன் காலத்தில் ஒரு சட்டம் பிறந்தது. வழக்கிற் குறிக்கப்படுபவனது தொழில் அல்லது நிலை இன்னது, ஊர் இன்னது என்று பெயரோடு எழுதவேண்டும் என்பது அதன் விதி. இதனால் நாம் அறிவதென்ன? வாக்கர் என்று பெயர் இருந்தால் மட்டும் அவன் தொழில் விளங்கிவிடாது என்னும் நிலை அதற்குள் வந்துவிட்டது என்பதே. வாக்கர் என்னும் பெயருடையான் தச்சனாக இருக்கலாம், உழவனாகவும் இருக்கலாம். 1538 முதல் கோயிற்பற்றுக்கள்தோறும் ஞானஸ்நானம், மணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதத் தொடங்கியபோது, பெயர் இன்னும் உறுதிப்பட்டது.

தொழிலும் மாறாமல் இருக்கவில்லை. 1185-ஆம் ஆண்டில் டெம்ப்ளர் என்னும் சமயப் போர்வீரர் கூட்டத்தாரின் சொத்துக் கணக்கு ஒன்று எழுதப்பட்டது. அதில் யார்க்‌ஷயரிலும் காட்ஸ்வோல்டு மலைப்பக்கத்திலும் துணி மிதிக்கும் நீராலைகள் குறிக்கப்பட்டுள்ளன. ஆற்றுநீர் சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் மரச்சம்மட்டிகளைத் தூக்கி விட, அவை தொட்டியிலுள்ள துணியை ஓயாது மோதின. பல மனிதர் காலால் செய்ததை ஓர் ஆறு செய்தது. ஓடைகள் விரைந்து பாயும் மலைநாடுகளை நாடித் துணித்தொழில் சென்றது. காலின் வேலை இவ்வாறு குறைந்தது. காலின் பெயர் மட்டும் நிலைத்தது. வாக்கர் என்னும் பெயர் பரம்பரையாக இறுகிய அந்நூற்றாண்டுகளிலேயே, அப்பெயர்க்குரிய மிதிவேலை ஆலையின் கைக்கு மாறிக்கொண்டிருந்தது என்பது நினைக்கத்தக்கது.

அன்பர்களே! இனி யாம் சொல்லப்போவதே இச்சொற்பொழிவின் உயிர்நிலை.

துணி இல்லாமல் ஊர் வாழாது. அத்துணியை உடுக்கத்தக்கதாக்கியவனை ஊர் எவ்வாறு நடத்தியது? லண்டன் நகரத்துப் பழைய வழக்கநூல் ஒன்றில், வின்செஸ்டர், மார்ல்பரோ, ஆக்ஸ்போர்டு, பெவர்லி என்னும் நான்கு நகரங்களில் நெசவாளரையும் துணி மிதிப்போரையும் பற்றி வழங்கிய விதிகள் எழுதப்பட்டுள்ளன. அவை 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டியவை. அவ்விதிகளின்படி நெசவாளனும் துணி மிதிப்பவனும் நகரின் உரிமைக்குடிகள் அல்லர். உரிமைக்குடி ஒருவன்மேல் அவர்கள் வழக்கில் குற்றம் நிறுவவும் முடியாது. அவனுக்கு எதிராகச் சாட்சி கூறவும் முடியாது. தாம் ஆக்கிய துணியை விருப்பம்போல் வெளியூரில் விற்கவும் முடியாது. நகரத்து வணிகர்க்கே விற்றல் வேண்டும். அவருள் ஒருவன் உழைத்துப் பொருள் சேர்த்து, ‘யானும் உரிமைக்குடியாக வேண்டும்’ என்று விரும்பினால், தன் தொழிலை விட்டேன் என்று ஆணையிட்டுச் சொல்லுதல் வேண்டும். தொழிற்கருவிகளைத் தன் வீட்டினின்று வெளியே அகற்றிவிடுதல் வேண்டும்.

இவ்விதியைப் படித்தபோது எம் நெஞ்சம் கலங்கிற்று. அவனிடத்துக் குற்றம் இல்லை, கல்வி இல்லை என்றும் சொல்லவில்லை, பொருளும் இருக்கிறது. அவன் கையிலுள்ள கருவியே அவனுக்குத் தடை. ஆடை வேண்டும், ஆனால் ஆடையை ஆக்கியவன் அருகில் அமரலாகாது என்பதே அந்நகரத்தார் நியாயம். இதனைப் பழமையென்றோ தெய்வக் கட்டளையென்றோ சொல்லி ஏமாற ஒருவரும் வேண்டுவதில்லை. துணி வணிகத்தின் இலாபத்தைத் தம் கைவிட்டு அகலாமல் காத்துக்கொள்ள நகரத்து வணிகர் செய்துகொண்ட ஏற்பாடு அது. இழிவு என்பது தொழிலிலிருந்து முளைத்ததன்று. தொழிலாளியின் பங்கைக் குறைக்க எண்ணியவர் மனத்திலிருந்து முளைத்தது.

அவ்வேற்பாடு என்றும் நிற்கவில்லை. தொழிலாளர் கூடினர், சங்கம் கண்டனர், பொதுப்பொருள் திரட்டினர். எக்ஸ்டர் நகரத்தில் நெசவாளரும் துணி மிதிப்போரும் கத்தரிப்போரும் சேர்ந்த சங்கத்தார் 1471-ஆம் ஆண்டில் எழுப்பிய மண்டபம் ‘டக்கர்கள் மண்டபம்’ என்னும் பெயரோடு இன்றும் நிற்கின்றது. லண்டனில் துணி மிதிப்போர் சங்கமும் கத்தரிப்போர் சங்கமும் 1528-இல் ஒன்றாகி, துணித்தொழிலாளர் கழகம் என்னும் பெயர் பெற்றன. அந்நகரத்தின் பன்னிரு பெருங்கழகங்களுள் அதுவும் ஒன்று. புகழ்பெற்ற நாட்குறிப்பாசிரியரும் கடற்படை அதிகாரியுமாகிய சாமுவேல் பெப்பிஸ் 1677-ஆம் ஆண்டில் அக்கழகத்துக்குத் தலைமை பூண்டார். ஒரு காலத்தில் சாட்சிக் கூண்டில் ஏறவும் தகுதியற்றவன் எனப்பட்டவனது சங்கத்துக்குத் தலைமை தாங்குவதைப் பெருமையாகக் கருதும் காலம் வந்தது.

பெயரைக் கொண்டு வம்சம் நிறுவ முற்படுவோர்க்கு ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். வாக்கர் எல்லாரும் ஒரே குடியினர் அல்லர். ஒவ்வோர் ஊரிலும் துணி மிதித்த ஒவ்வொருவன் வழியிலும் அப்பெயர் தனித்தனியே தோன்றியது. நியூகாசில் நகரத்தையடுத்து வாக்கர் என்றோர் ஊரும் உண்டு. மதிலருகே உள்ள சதுப்பு நிலம் என்பது அதன் பொருள். அவ்வூர்ப் பெயரைத் தாங்கியவர்க்கும் துணிக்கும் தொடர்பில்லை. அமெரிக்காவிலோ, அடிமைகளாய்க் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழியினர் பலர் ஆங்கிலக் குடும்பப் பெயர்களைத் தாங்குகின்றனர். ரிச்மண்டு நகரில் 1903-ஆம் ஆண்டு தம் மக்களுக்காக ஒரு சேமிப்பு வங்கியை நிறுவிய மேகி லீனா வாக்கர் அம்மையார் கறுப்பினத்தவர். அடிமைத்தளையில் இருந்த தாயின் மகள். 1983-இல் நாவலுக்காகப் புலிட்சர் பரிசு பெற்ற ஆலிஸ் வாக்கர் அம்மையாரும் அவ்வினத்தவரே. ஒரு பெயர் இன்ன இரத்தம் என்பதற்குச் சான்று ஆகாது. அஃது ஒரு பாத்திரம். அதில் யார் எதனை இட்டனர் என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு.

இதனை மறந்து, ஒரு குடும்பப் பெயரைச் சொன்னால் அதற்குரிய கேடயச் சின்னத்தை வண்ணத்தில் தீட்டித் தருவதாகக் கூறிப் பணம் பெறும் வணிகர் மேனாட்டில் உளர். குடும்பப் பெயருக்கென்று கேடயச் சின்னம் கிடையாது. சின்னம் தனி மனிதர்க்கு அளிக்கப்பெற்று அவர் வழியினர்க்கு உரியதாவது என்று லண்டனிலுள்ள சின்னங்களின் கழகத்தாரே தெளிவாகக் கூறுகின்றனர். ஆயினும் வாங்குவோர் வாங்கிக்கொண்டே இருக்கின்றனர். தொட்டியில் நின்று துணி மிதித்த பாட்டன் அவர்களுக்குப் போதவில்லை. வாளேந்திய பாட்டன் ஒருவன் வேண்டியிருக்கின்றான்.

அவரைக் கண்டு நாம் நகைக்கலாகாது. நம்முள்ளும் அவ்வாசை இல்லையோ? குலச் சங்கங்கள் வெளியிட்ட பல சரித்திர நூல்களைப் புரட்டினால், எல்லாரும் அரச வழியினர். எல்லார்க்கும் ஒரு முனிவர் முதல்வர். நூற்றவரும் நெய்தவரும் சாயம் தோய்த்தவரும் எங்கே போயினர்? கிடையாத அரண்மனையைத் தேடுவோர், தம் வீட்டுத் தாழ்வாரத்தில் கிடக்கும் தறிக்கட்டையை விறகாக்கிவிடுகின்றனர். வின்செஸ்டர் நகரத்தார் கருவியை வெளியே எறியச் சொன்னது கொடுமை என்று இப்போது வருந்தினோம். எவரும் சொல்லாமல் நாமே எறிவதை என்னென்பது?

ஆதலின் யாம் இவ்வவைக்குச் சொல்ல விரும்புவன இரண்டே. முன்னோர் தொழிலைச் சொல்ல நாணற்க என்பது ஒன்று. அத்தொழிலே உன் எல்லை என்று எவர் சொன்னாலும் ஏற்காதிருக்க என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று மாறுபட்டன அல்ல. கில்பர்ட் வாக்கர் தம் பெயரை மாற்றிக்கொள்ளவும் இல்லை. துணி மிதிக்கவும் இல்லை. வானத்துக் காற்றை ஆராய்ந்தார். தந்தை தறியில் அமர்ந்தார் என்பதனால் மகள் மருத்துவம் பயிலலாகாது என்பது மடமை. மருத்துவம் பயின்ற மகள், தந்தை தறியில் அமர்ந்தார் என்பதைத் தோழியரிடம் மறைப்பதோ அதனினும் வருந்தத்தக்கது.

முடிவாக ஒரு வேண்டுகோள். நம் முதியோர் பலர் பாவோட்டியதையும், கஞ்சி தோய்த்ததையும், கூலிக்காக வாசலில் காத்து நின்றதையும் நேரில் அறிந்தவர்கள். அவர்கள் வழங்கிய தொழிற்சொற்கள் எந்த அகராதியிலும் முழுமையாக ஏறவில்லை. இளைஞர்கள் அவர்களிடம் அமர்ந்து கேட்டு, கருவியின் பெயர், அதன் உறுப்பின் பெயர், செய்த முறை, பெற்ற கூலி ஆகியவற்றை உள்ளவாறே எழுதிச் சங்கத்துக்கு அனுப்புவார்களாக. மிகைப்படுத்த வேண்டா, குறைக்கவும் வேண்டா. பெயர் மட்டும் எஞ்சிப் பொருள் மறைந்துபோனால், பிற்காலத்தில் ஒரு சித்திரக்காரர் வந்து நம் பெயருக்கும் ஏதேனும் ஒரு பொய்ச் சித்திரம் வரைந்துவிடுவார்.

 சங்கம் ஓங்குக! உழைப்போர் வாழ்க!